ஈக்குவலைசர்: கூட்டுவதைவிடக் குறைப்பதே மேல்

கணினியில் பாட்டுக் கேட்க உதவும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் ஈக்குவலைசர் என்ற பெயரில் ஒரு சிறு சாளரம் இருப்பதும், அதில் நெடுக்குவாட்டில் நிற்கும் பத்து நகர்த்திகளின் அடியில் 60, 170, 310 என்று தொடங்கி 16,000 வரை எண்கள் இருப்பதும் பலரும் கண்டவையே. 1997-இல் அறிமுகமான வினாம்ப் பரவலாக்கிய இந்த அமைப்பு, இன்று வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள்களிலும் ஏறத்தாழ அதே வடிவில் தொடர்கிறது. அந்த எண்கள் அதிர்வெண்ணை, அதாவது காற்று வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை, ஹெர்ட்ஸ் என்ற அலகில் குறிக்கின்றன. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எண் குறையக் குறைய ஒலி கனக்கும், கூடக் கூடக் கூர்மையாகும். ஒரு நகர்த்தியை மேலே தள்ளினால் அந்த எண்ணையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்த ஒலிகள் வலுக்கும், கீழே இழுத்தால் மெலியும். இதைப் பாட்டின் தரத்தைக் கூட்டும் கருவி என்று எண்ணி நகர்த்திகளை மேலே தள்ளுவோரே மிகுதி என்பதால், அதனால் ஆவது எது, ஆகாதது எது என்று பிரித்துப் பார்ப்பது பயனுடையது.

இக்கருவி இசைக்காகப் பிறந்ததன்று. நீண்ட தொலைபேசிக் கம்பிகள் வழியே பேச்சு செல்லும்போது உயர் அதிர்வெண்கள் தாழ் அதிர்வெண்களைவிட அதிகமாகத் தேய்ந்துபோனதால் மறுமுனையில் சொற்கள் மழுங்கிக் கேட்டன. அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்து, பேச்சின் எல்லாப் பகுதிகளையும் பழைய விகிதத்துக்குக் கொண்டுவரவே பொறியாளர்கள் இத்தகைய மின்சுற்றுகளை அமைத்தனர். பின்னர் பேசும் படங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. 1952-இல் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் பாக்ஸண்டால் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட மின்சுற்று, உலகெங்கும் ஆம்ப்ளிஃபையர்களில் பேஸ், ட்ரெபிள் என்ற இரு திருகுகளாக இடம்பிடித்தது. 1972-இல் அமெரிக்கரான ஜார்ஜ் மாஸன்பர்க், எந்த அதிர்வெண்ணை, எவ்வளவு அகலத்தில், எந்த அளவுக்கு மாற்றுவது என்ற மூன்றையும் பயன்படுத்துவோரே தீர்மானிக்க இடம் தரும் பாராமெட்ரிக் ஈக்குவலைசர் குறித்த ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இந்த வரலாறு முழுவதிலும் இக்கருவியின் முதன்மையான வேலை ஈடுசெய்தலாகவே இருந்துள்ளது: எங்கே குறை, எங்கே மிகை என்று தெரிந்த பின் அதைச் சரிக்கட்டுவது. குறை எங்கே என்று தெரியாமல் நகர்த்தியைத் தொடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

நகர்த்தியின் பக்கவாட்டில் இருக்கும் அலகு டெசிபல். இது சாதாரணக் கூட்டல் கணக்கில் அடங்காத அலகு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 3 டெசிபல் கூட்டினால் ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு மின்திறனைத் தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. 12 என்றால் ஏறத்தாழ பதினாறு மடங்கு. மேசைமேல் இருக்கும் ஐந்து வாட் ஒலிபெருக்கியில், பாட்டின் கனத்த பகுதிக்கு மட்டும் அரை வாட் செலவாகிக்கொண்டிருந்ததாக வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸ் நகர்த்தியை +12 வரை ஏற்றியதும் அந்தப் பகுதி மட்டுமே எட்டு வாட் கேட்கும். இல்லாத மூன்று வாட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் எங்கே போகும்? அலையின் மேற்புறமும் அடிப்புறமும் தட்டையாகத் தறிக்கப்படுகின்றன. கிளிப்பிங் எனப்படும் இந்தத் தறிப்பு, மூலப்பாட்டில் இல்லாத புதிய அதிர்வெண்களைத் தானே உண்டாக்குவதால், கேட்பவர் கனத்த ஒலிக்குப் பதிலாகக் கரகரப்பையே பெறுகிறார்.

தறிப்பு ஆம்ப்ளிஃபையரை எட்டுவதற்கு முன்பே, கணினிக்குள்ளேயும் நேரலாம். 16 பிட் ஒலிக்கோப்பில் அலையின் உச்சத்தைக் குறிக்கும் எண் 32,767-ஐத் தாண்ட முடியாது. அண்மைக்காலத் திரைப்பாடல்கள் பலவும் அந்த உச்சத்தை ஒட்டியே பதிவு செய்யப்படுவதால், மேற்கொண்டு கூட்ட அங்கே இடமே இருப்பதில்லை. அதையும் மீறிக் கூட்டும்போது உச்சிகள் தறிக்கப்படும், அல்லது இயங்குதளம் அவற்றை அமுக்கிவிடும். ஈக்குவலைசர் சாளரத்தின் ஓரத்தில் ப்ரீஆம்ப் என்ற தனி நகர்த்தி வைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். ஏதேனும் ஒரு பகுதியை 6 டெசிபல் கூட்டினால், ப்ரீஆம்பை முதலில் 6 டெசிபல் குறைத்துவிட வேண்டும். மொத்த ஒலி தணிந்துபோனால் அதை ஒலிபெருக்கியின் திருகில் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்த தடை மின்சாரத்தில் இல்லை, ஒலிபெருக்கியின் கூம்பில் இருக்கிறது. ஒலிபெருக்கி என்பது காற்றை முன்னும் பின்னும் தள்ளும் ஒரு கூம்பு. ஒரே அளவு உரத்த ஒலியை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், எழுப்ப அக்கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பது இயற்பியல் விதி. இரண்டு அல்லது மூன்று அங்குலக் கூம்பு 200 ஹெர்ட்ஸில் எளிதாகச் செய்வதை 100 ஹெர்ட்ஸில் திணறிச் செய்கிறது. 50 ஹெர்ட்ஸில் அதே உரப்புக்குப் பதினாறு மடங்கு அசைவு வேண்டும், அதற்கு அந்தச் சிறு கூம்பில் வழியே இல்லை. மேலும், அதே கூம்புதான் பாடகரின் குரலையும் சுமக்கிறது. அது தாளத்துக்காகத் தன் எல்லை வரை ஆட்டப்படும்போது ஒவ்வொரு அடிக்கும் குரலும் சேர்ந்து நடுங்குவதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம். கனத்த ஒலியைத் தனிப்பெட்டிக்குப் பிரித்துக் கொடுக்கும் 2.1 அமைப்பில், அதாவது இரு சிறு ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் கொண்ட தொகுப்பில், குரல் தெளிவதற்கு இந்தப் பளு நீங்குவதே முதற்காரணம்.

அப்படியானால் மடிக்கணினியில் தம்பூரா எப்படிக் கேட்கிறது? ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகருக்கு ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவருடைய தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தி அதில் பாதியாக 65 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியால் 65 ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தத்தக்க அளவில் எழுப்ப இயலாது. எனினும், அந்தத் தந்தி மீட்டப்படவில்லை என்று எவரும் எண்ணுவதில்லை. தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்காகிய 131, 196, 262 ஹெர்ட்ஸ் மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. அவற்றுக்கு இடையேயுள்ள சீரான இடைவெளியிலிருந்து, வராத அடிப்படையை மூளை தானே வருவித்துக்கொள்கிறது. தம்பூராவின் வளைந்த குதிரையும் அதன்மேல் செருகப்படும் ஜீவா நூலும் மேற்சுரங்களை வலுப்படுத்தும் விதத்தை சி. வி. ராமன் 1921-லேயே ஆராய்ந்து எழுதினார். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியபோதும், நூறு ஹெர்ட்ஸை ஒட்டிய அடிப்படை கொண்ட ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்டதற்கும் இதுவே காரணம். ஆகவே, சிறிய ஒலிபெருக்கியில் நிறைவு வேண்டுவோர் 60 ஹெர்ட்ஸ் நகர்த்தியை விட்டுவிட்டு, 170-ஐ இரண்டு மூன்று டெசிபல் கூட்டிப் பார்ப்பதே பலன் தரும். கேட்காத அடிப்படையைத் துரத்துவதைவிடக் கேட்கும் மேற்சுரத்தைப் பேணுவது புத்திசாலித்தனம்.

மற்றப் பகுதிகளின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மிகுந்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மலிவான பிளாஸ்டிக் பெட்டிகள் பலவற்றின் நோய் இதுவே, 310-ஐச் சற்றுக் குறைத்தாலே தெளிவு பிறக்கும். 2,000 முதல் 5,000 வரை காது மிகக் கூர்மையானது. இங்கே கூட்டினால் சொற்கள் துலங்கும், ஆனால் விரைவில் சலிப்பு தட்டும். 6,000-ஐ ஒட்டிய பகுதி மிகும்போது ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் சீறும். 16,000 நகர்த்தியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை: 128 கிலோபிட் எம்பி3 கோப்புகள் பெரும்பாலும் அந்த எல்லையிலேயே ஒலியை வெட்டிவிடுகின்றன, வயது ஏற ஏறக் காதும் அதையே செய்கிறது.

நகர்த்திகளின் இரு ஓரங்களை உயர்த்தி நடுவைத் தாழ்த்தும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அதை அறியாமை என்று முற்றாக ஒதுக்கிவிட முடியாது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியளவு தணியும்போது காது மற்றவற்றைவிடக் கனத்த ஒலிகளுக்கே அதிகமாகச் செவிடாகிறது என்று காட்டியது. இரவில் மெல்லிய ஒலியில் கேட்பவர் பேஸைச் சற்றுக் கூட்டுவது அதனால் முறையே. ஒலியை உயர்த்திக் கேட்கும்போதும் அதே அமைப்பை விட்டுவைப்பதுதான் தவறு. அதைவிட நுட்பமான ஏமாற்றம் ஒன்று உண்டு: இரண்டு ஒலிகளில் சற்றே உரத்தது எதுவோ அதுவே நன்றாக இருப்பதாகக் காது தீர்ப்புச் சொல்லிவிடும். நகர்த்திகளை ஏற்றியதும் ‘தரம் கூடிவிட்டது’ என்று தோன்றுவதில் பெரும்பங்கு இந்த உரப்புக்கே உரியது. ப்ரீஆம்பைக் குறைத்து, ஈக்குவலைசர் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே உரப்பு வருமாறு செய்த பின்புதான் ஒப்பிட வேண்டும்.

‘ராக்’, ‘பாப்’, ‘கிளாசிக்கல்’ என்று ஆயத்தமாகத் தரப்படும் அமைப்புகளுக்குக் கேட்பவரின் ஒலிபெருக்கியும் தெரியாது, அறையும் தெரியாது. அறையின் பங்கோ மிகப் பெரியது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், பத்தடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவில் நிலை அலை உருவாகிறது. அந்த அதிர்வெண் சுவரோரம் உறுமும், அறையின் நடுவில் ஏறக்குறைய மறைந்துவிடும். உறுமலை ஈக்குவலைசரால் குறைக்கலாம். மறைந்த இடத்தை அதனால் நிரப்ப முடியாது, ஏனெனில் கூட்டும் ஒலியும் அதே இடத்தில் அதே முறையில் ரத்தாகிவிடும். மூலையில் செருகிய சப்வூஃபரை ஓரடி வெளியே இழுப்பதும், ஒலிபெருக்கிகளின் முகம் காதை நோக்குமாறு சற்றுச் சாய்த்து வைப்பதும் நகர்த்திகளால் ஆகாத வேலையைச் செய்துவிடும், செலவும் இல்லை.

இவற்றுக்குப் பிறகும் தேவைப்பட்டால், விண்டோஸ் கணினிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஈக்குவலைசர் ஏபிஓ போன்ற மென்பொருளைக் கொண்டு, கணினியிலிருந்து வரும் ஒலி முழுவதையும் பாராமெட்ரிக் முறையில் திருத்தலாம். குறுகிய பட்டை ஒன்றை மட்டும் 6 டெசிபல் உயர்த்தி, அதை மெல்லத் தாழ்விலிருந்து உயர்வுக்கு நகர்த்திச் சென்றால், பெட்டியோ மேசையோ சேர்ந்து அதிரும் இடத்தில் ஒலி திடீரென்று அருவருப்பாகும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே மூன்று நான்கு டெசிபல் குறைத்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விடுவதே ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கைக்கொள்ளப்படும் முறை. விண்டோஸிலேயே காணப்படும் ‘லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்’ என்பது பெயரளவில்தான் ஈக்குவலைசர்; அது அதிர்வெண்களைத் திருத்துவதில்லை, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருக்குகிறது. படங்களில் வசனம் கேட்க அது உதவும், கச்சேரிக்கு உதவாது.

புதிய ஒலிபெருக்கி வாங்கும்போதும் இந்த அறிவு கைகொடுக்கும். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் ஆயிரக்கணக்கான வாட், எந்தத் தர அளவீட்டுக்கும் கட்டுப்படாத விளம்பர எண்; தொடர்ந்து தரக்கூடிய மின்திறனைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். என்ற அளவை மட்டும் பாருங்கள். அதிர்வெண் வீச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று எழுதிவிட்டு, அதனுடன் எத்தனை டெசிபல் ஏற்றத்தாழ்வு என்பதைச் சொல்லாத பெட்டியை, அது எந்த விலையில் கிடைத்தாலும், காதால் கேட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.