செர்ரி பூ உதிர்ந்த பிறகு ஜப்பானில் கரோக்கி பாட எந்தப் பாட்டு?

டோக்கியோவில் மே மாதம் பிறக்கும்போது செர்ரிப் பூ உதிர்ந்து மூன்று, நான்கு வாரம் ஆகியிருக்கும். மரம் முழுக்கப் பச்சை இலைதான். ஏப்ரல் 29, மே 3, 4, 5 என அடுத்தடுத்து அரசு விடுமுறை வரும் 'கோல்டன் வீக்' காலம் இது. கூட வேலை பார்ப்பவர்கள் கரோக்கிக்குக் கூப்பிடுவார்கள். போய் உட்கார்ந்ததும் மைக் கைக்கு வந்துவிடும்.

ஜப்பானுக்குப் புதிதாகப் போனவர்களுக்குத் தெரிந்த வசந்த காலப் பாட்டு பெரும்பாலும் 'சகுரா' என்ற தலைப்பில்தான் இருக்கும். நவோதாரோ மொரியாமா 2003-ல் ஒரு சகுரா பாடினார். 2005-ல் கெட்சுமெய்ஷி, கோபுகுரோ ஆகிய இரு குழுக்களும் ஆளுக்கொரு சகுரா. 2006-ல் இகிமோனோகாகாரி குழுவின் சகுரா. எல்லாமே நல்ல பாட்டுகள்தான். மே மாதத்தில் பாடினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனாலும் சித்திரை வெயிலில் திருப்பாவை பாடுவது போல லேசாக ஒட்டாமல் நிற்கும். ஹைக்கூ கவிதையில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இருந்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நாடு அது. பாட்டிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

அப்போ மே மாதத்துக்கு எது?

முதலில் பலர் நினைவுக்கு வருவது 'ஹனமிசுகி'. ஹிதோதோ யோ என்ற பாடகி 2004 பிப்ரவரியில் வெளியிட்டது. கரோக்கி அறைகளில் இருபது வருடமாகச் சலிக்காமல் ஒலிக்கும் பாட்டு. ஹனமிசுகி என்பது ஒரு மரத்தின் பெயர். செர்ரி முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தெருவோரங்களில் பூக்கும்.

இந்த மரம் ஜப்பானைச் சேர்ந்தது அல்ல, அமெரிக்காவைச் சேர்ந்தது. 1912-ல் டோக்கியோ மேயர் யுகியோ ஒசாகி, சுமார் 3,000 செர்ரி மரக்கன்றுகளை வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அதற்குப் பதில் மரியாதையாக 1915-ல் அமெரிக்கா அனுப்பியதுதான் ஹனமிசுகி. ஹிதோதோ இந்தப் பாட்டை எழுதத் தூண்டியது, 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்காவில் நடந்த தாக்குதல். தனக்கு வேண்டியவர்கள் தன்னை விட்டுப் போனாலும் நன்றாக வாழட்டும் என்று நினைக்கும் மனசுதான் பாட்டின் உயிர். காதல் பாட்டு என்று நினைத்தே பெரும்பாலானோர் பாடுகிறார்கள். அதில் தவறில்லை. வேகம் குறைவு, சொற்கள் நெருக்கியடிக்காது. புதிதாகப் பாடுபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கஷ்டம்.

கல்யாண முருங்கை பூக்கும் பாட்டு

அடுத்தது, பாடும் முன் கட்டாயம் கதை தெரிந்திருக்க வேண்டிய பாட்டு. 'தி பூம்' என்ற குழுவின் 'ஷிமாவுதா'. 'தீவுப் பாட்டு' என்று பொருள். எழுதி இசையமைத்தவர் குழுவின் பாடகர் கசுஃபுமி மியாசவா. முதலில் 1992-ல் ஓர் ஆல்பத்தில் வந்து, பிறகு தனிப்பாடலாக நாடு முழுக்கப் பரவியது.

இதில் வரும் பூ 'தெய்கோ'. ஓகினாவா மாகாணத்தின் அடையாள மலர். பெயர் புதிதாக இருந்தாலும் மரம் நமக்குப் பழக்கமானதே. சளிக்கு அடை தட்டிச் சாப்பிடுவோமே, அந்தக் கல்யாண முருங்கைதான்! ஓகினாவாவில் மார்ச் முதல் மே வரை இது ரத்தச் சிவப்பாகப் பூக்கும். அது அளவுக்கு மீறிப் பூத்த வருடம் புயல் அதிகம் வரும் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டின் தொடக்கமே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது.

மேலோட்டமாகக் கேட்டால் கரும்புத் தோட்டத்தில் சந்தித்துப் பிரியும் இருவரின் கதை. உண்மையில் அந்தப் புயல், போர். 1945 ஏப்ரல் 1-ம் தேதி அமெரிக்கப் படை ஓகினாவாவின் முக்கியத் தீவில் இறங்கியது. ஜூன் மூன்றாம் வாரம் வரை சண்டை ஓயவில்லை. அதாவது, தெய்கோ பூத்திருந்த அதே வசந்த காலம். 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சாதாரண ஊர் மக்கள். 'ஹிமெயூரி' என்று அழைக்கப்பட்ட பள்ளி மாணவிகளும் ஆசிரியர்களுமாக 240 பேரை ராணுவம் நர்ஸ் வேலைக்குக் கூட்டிப் போனது. குகைகளுக்குள் இயங்கிய ராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள். ஜூன் 18 அன்று, 'குழு கலைக்கப்பட்டது, இனி அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று குண்டு மழைக்கு நடுவே கைவிட்டார்கள். 240 பேரில் 136 பேர் உயிர் பிழைக்கவில்லை. ஹிமெயூரி நினைவு அருங்காட்சியகத்துக்குப் போன மியாசவா, அங்கே உயிர் பிழைத்த ஒருவர் சொன்ன அனுபவத்தைக் கேட்ட பிறகு எழுதியதுதான் இந்தப் பாட்டு.

இசையிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஓகினாவாவின் மரபு இசை ஐந்து சுரங்களில் அமையும்: ச, க, ம, ப, நி. கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அது கம்பீரநாட்டையின் சுர வரிசை. கோயிலில் சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதே ராகம். (இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை, சுரங்கள் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.) ஷிமாவுதாவின் பெரும்பகுதி இந்தச் சாயலில்தான் போகும். ஆனால் கரும்புத் தோட்டத்தில் பிரியும் இடத்தில் மட்டும் மெட்டு மாறி, ஜப்பான் பெருநிலத்தின் சாயலுக்கு வந்துவிடும். அந்த மக்களைச் சாவுக்குத் தள்ளியது பெருநிலத்தின் ஆட்சி. அந்த இடத்தை ஓகினாவாவின் சொந்த இசையில் பாட மனம் ஒப்பவில்லை என்று மியாசவா விளக்கியிருக்கிறார்.

அவரே ஓகினாவாக்காரர் கிடையாது. டோக்கியோவுக்கு மேற்கே உள்ள யமனாஷி மாகாணத்தில் பிறந்தவர். வெளியாள் ஒருவர் எங்கள் இசையை எடுத்துப் பாடலாமா என்ற கேள்வி அன்று ஓகினாவாவிலேயே எழுந்தது. இன்றைக்குக் கரோக்கியில் பீர் குவளையோடு கைதட்டிப் பாடும் பலருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொண்டு பாடுகிற குரலில் ஒரு நிதானம் வந்துவிடும். ஓகினாவா நண்பர் யாராவது அறையில் இருந்தால் அவர் அதைக் கவனிப்பார்.

வேலைக்குப் போகவே பிடிக்கலையா?

ஜப்பானில் பள்ளியும் அலுவலக ஆண்டும் ஏப்ரல் 1-ல் தொடங்கும். புது இடம், புது ஆட்கள் என்று ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவர்கள், கோல்டன் வீக் முடிந்ததும் பொத்தென்று சோர்ந்து விழுவார்கள். அதற்கு 'கொகட்சுபியோ', அதாவது 'மே மாத நோய்' என்றே பெயர். மருத்துவப் பெயர் இல்லை, ஆனால் எல்லோருக்கும் புரியும்.

அப்படி முகம் வாடிய புதுப் பையனோ பெண்ணோ அறையில் இருந்தால், யாராவது ஒருவர் 'ஸார்ட்' குழுவின் 'மகெனாய்தெ' பாட்டைப் போட வாய்ப்பு உண்டு. 'தோற்றுவிடாதே' என்று பொருள். 1993 ஜனவரியில் வந்தது. பாடியவரும் வரிகளை எழுதியவரும் இசுமி சகாய். மே மாதத்துக்கு இன்னும் பொருத்தமாக வேண்டுமென்றால், அவருடைய 'யுரெரு ஒமொய்' இருக்கிறது. அதே ஆண்டு மே 19-ல் வெளியானது. கோடை வாசலில் நிற்கும் உற்சாகம் அதில் தெரியும். மேடையேறிப் பாடுவதை அவர் பெரும்பாலும் தவிர்த்தே வந்தார். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தபோது, மருத்துவமனையில் கீழே விழுந்து 2007 மே 27 அன்று இறந்தார். வயது 40. பிறருக்குத் தைரியம் சொன்ன குரல் அப்படிப் போனது ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

குழந்தைகள் கூட இருந்தால் 'ச்சத்சுமி' போதும். தேயிலை பறிக்கும் பாட்டு, 1912 பள்ளிப் பாடநூலில் வந்தது. வசந்தத் தொடக்கத்திலிருந்து 88-வது நாள், அதாவது மே 2 வாக்கில், புதுக் கொழுந்து பறிப்பதைப் பாடுகிறது. எதிரெதிரே நின்று கைதட்டி விளையாடத் தோதான தாளம்.

வாசிக்கத் தெரியாதே, எப்படிப் பாடுவது?

திரையில் ஓடும் கஞ்சி எழுத்துகளின் மேலேயே உச்சரிப்பு சின்ன ஹிரகானா எழுத்தில் வரும். ஹிரகானா படிக்க ஓரிரு வாரப் பயிற்சி போதும். உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி: ஜப்பானிய மொழியின் ஐந்து உயிர்களும் நம் அ, இ, உ, எ, ஒ-வுக்கு மிக அருகில் இருப்பவை. குறில், நெடில் வேறுபாடும் அங்கே உண்டு. நெடிலைக் குறிலாக்கிப் பாடினால் பொருளே மாறிவிடும். அதில் மட்டும் கவனம் வேண்டும். சுருதி எட்டவில்லை என்றால் வெட்கப்படாமல் ரிமோட்டில் கீ-யைக் குறைத்துக்கொள்ளலாம், அங்கே எல்லோரும் செய்வதுதான்.

எந்த வரிசையில் பாடுவது என்பதையும் யோசித்து வையுங்கள். நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அறையின் போன் அடிக்கும். ஷிமாவுதாவை அதற்கு வெகு முன்பே பாடிவிடுவது நல்லது. 'இன்னும் அரை மணி நேரம் நீட்டிக்கவா?' என்ற கேள்வி நடுவில் குறுக்கிட வேண்டிய பாட்டு அல்ல அது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு மகெனாய்தெ சரியாக இருக்கும்.