இரண்டு 4 ஜிபி கார்டுகள்: பழைய கணினிக்கு எது பொருந்தும்?

திருமுல்லைவாயிலில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழையும் கல்லூரி மாணவர் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டு கேட்டால், அவர் காதில் விழக்கூடிய பெயர்களில் இரண்டு: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. முதலாவது 2019 ஏப்ரலில் 149 டாலர் விலையில் வந்தது. இரண்டாவது 2022 ஜனவரியில் 199 டாலருக்கு வந்தது. இரண்டிலும் 4 ஜிபி நினைவகம். அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவெடுத்தால் புதியதைத்தான் எடுக்கத் தோன்றும்.

காகிதக் கணக்கும் அதையே சொல்கிறது. 1650-இல் 896 கோர்கள், உச்ச வேகம் 1665 மெகாஹெர்ட்ஸ். 6500 எக்ஸ்டியில் 1024 கோர்கள், 2815 மெகாஹெர்ட்ஸ். டெராஃப்ளாப்ஸாகச் சொன்னால் முன்னது ஏறக்குறைய 3, பின்னது 5.77. கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் இரண்டு நிறுவனங்களின் கோர்களும் வேலை செய்யும் விதம் வேறு. இந்த எண்களை நேருக்கு நேர் வைப்பதில் பெரிய பயன் இல்லை. அம்பத்தூர், ஆவடி வட்டார வீடுகளில் இருக்கும் கணினிகளுக்கு முக்கியமான எண், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படாத வேறொன்று.

அது மதர்போர்டுடன் கார்டு பேசிக்கொள்ளும் பாதையின் அகலம். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 16 தடங்கள் உண்டு. 1650 அந்தப் பதினாறையும் பயன்படுத்தும். 6500 எக்ஸ்டி நீளமான ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்தும். நான்காம் தலைமுறை பிசிஐ ஸ்லாட்டில் இந்த நான்கு தடங்களும் சேர்ந்து நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி கடத்தும். மூன்றாம் தலைமுறையில் அது பாதியாகி 4 ஜிபிக்குக் கீழே போய்விடும். இரண்டாம் தலைமுறை ஸ்லாட் என்றால் இன்னும் பாதி. அதே மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 1650-க்குக் கிடைப்பது ஏறக்குறைய 16 ஜிபி.

விளையாட்டு 4 ஜிபிக்குள் அடங்கும்வரை இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது. படங்களின் தரத்தைக் கூட்டி, கார்டின் நினைவகம் நிரம்பியதும்தான் சிக்கல். மீதித் தரவு கணினியின் ராமிலிருந்து இந்தப் பாதை வழியே வந்தாக வேண்டும். சி.டி.எச். சாலை குறுகும் இடத்தில் மாலை ஆறு மணிக்கு நிற்பதுபோல எல்லாம் நின்று நின்று வரும். 6500 எக்ஸ்டி வெளியான வாரமே மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டுச் சோதித்தவர்கள் இந்தச் சரிவைக் காட்டினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய விளையாட்டுகளுக்கு 4 ஜிபி போதாது என்று 2020-இல் எழுதியதே ஏஎம்டிதான்.

அப்படியானால் நம் வீட்டுக் கணினியில் எந்தத் தலைமுறை? அலுவலகங்கள் கழித்துவிட்டு, ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் விற்பனைக்கு வரும் டெல், எச்பி பெட்டிகளில் நான்காம் தலைமுறை ஐ5 இருந்தால், ஸ்லாட் பொதுவாக மூன்றாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறை ஐ5 போட்ட எச்61 போர்டு என்றால் ஸ்லாட்டும் இரண்டாம் தலைமுறை. இன்டெலின் தலைமுறை எண்ணும் பிசிஐ தலைமுறை எண்ணும் வேறு வேறு. ‘நாலாவது ஜெனரேஷன்தான் சார்’ என்று கடையில் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாக அசெம்பிள் செய்தவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. சிக்கனக் கணினிகளில் பிரபலமான ரைசன் 5 5600ஜி பிராசஸரை எந்த போர்டில் போட்டாலும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்குக் கிடைப்பது மூன்றாம் தலைமுறைதான்.

அடுத்தது மின்சாரம். 1650-க்கு 75 வாட் போதும். ஸ்லாட்டிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும் மாடல்கள் நிறைய. தனி வயர் வேண்டாம். 6500 எக்ஸ்டிக்கு 107 வாட், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி 6 பின் இணைப்பும் வேண்டும். பழைய அலுவலகப் பெட்டிகளில் அந்த வயரே இல்லாத எஸ்எம்பிஎஸ்கள் சகஜம். அதை மாற்றலாம் என்றால், அந்தப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் பின்களும் கம்பெனிக்கென்று தனி. மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: 32 வாட் வித்தியாசம், தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு எட்டு யூனிட்கூட வராது. ஒல்லியான டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ‘லோ புரொஃபைல்’ மாடல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1650-இல் அது உண்டு.

வீடியோ எடிட் செய்கிறவர்கள், விளையாட்டைப் பதிவுசெய்து யூடியூபில் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 1650-இல் வீடியோவைச் சுருக்கிப் பதியும் தனிப் பகுதி இருக்கிறது. 6500 எக்ஸ்டியில் அது அறவே இல்லை. மடிக்கணினிகளுக்கும் போகும் அதே சிப்தான் இது. அங்கே பிராசஸரில் உள்ள கிராபிக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடும். மேசைக் கணினியில் ஐ3 12100எஃப் வாங்கியவருக்கு அந்த வசதியும் கிடையாது, ஏனென்றால் ‘எஃப்’ போட்ட பிராசஸரில் கிராபிக்ஸே இல்லை. மெஷின் லேர்னிங் பாடம் எடுத்திருக்கும் பொறியியல் மாணவருக்கும், என்விடியாவின் ‘கூடா’ (CUDA) மென்பொருள் வேலை செய்யும் 1650-தான் உதவும். 4 ஜிபியில் சின்னப் பயிற்சிகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இதனால் 6500 எக்ஸ்டி மோசமான கார்டு ஆகிவிடாது. ஐ3 12100, எச்610 போர்டு என்று புதிதாக அசெம்பிள் செய்து, நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டு, விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் அது 1650-ஐத் தாண்டிப் போகும். பழைய பெட்டிக்கு என்றால் என் ஓட்டு 1650-க்கு.

அதிலும் எந்த 1650? முதலில் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு, நொடிக்கு 128 ஜிபி வேகம். 2020-இல் அதே பெயரில் ஜிடிடிஆர்6 வந்தது. வேகம் 192 ஜிபி. விலை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். பெயரை மாற்றாமல் உள்ளே மாற்றுவது என்விடியாவுக்குப் புதிதல்ல. ஜிடி 1030 கார்டில் 48 ஜிபியாக இருந்த வேகத்தை, டிடிஆர்4 போட்டு 16.8 ஆகக் குறைத்து அதே பெயரில் விற்றார்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். பழைய சிப்பில் புதுப் பெயரை எழுதி விற்கும் போலிகளில் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். நினைவகம் எந்த வகை என்பதும், கார்டு எத்தனை தடத்தில், எந்தத் தலைமுறையில் ஓடுகிறது என்பதும் அதே திரையில் தெரியும். கார்டு சும்மா இருக்கும்போது தலைமுறை எண் குறைவாகத் தெரியலாம். அந்த வரிக்குப் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி, கார்டுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்த பிறகு வருவதுதான் சரியான எண்.