அளவறிந்து ஓடும் கால்கள்

மலேசியாவில் நடைபெறும் நெட்டோட்டப் போட்டிகளில் பினாங்குப் பாலத்தில் நடைபெறும் போட்டிக்குத் தனி ஈர்ப்பு உண்டு. 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதில் 8.4 கிலோமீட்டர் கடலின்மேல் அமைந்துள்ளது. வாகனங்கள் மட்டுமே செல்லும் அப்பாலத்தில், போட்டி நாளன்று ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களும் உள்ளனர். அவர்களில் பலர் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். பரிசுத் தொகையை எதிர்பார்த்து வருபவர்களும் அல்லர். தொடங்கிய ஓட்டத்தை நலமாக முடித்து வீடு திரும்ப வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அந்த நோக்கம் எளிதாகத் தோன்றலாம். ஆனால், அதை நிறைவேற்றக் கால்களின் வலிமை மட்டும் போதாது. தம் உடலின் அளவை அறியும் தெளிவும் வேண்டும்.

வயது கூடக்கூட உடலில் பல மாற்றங்கள் ஏற்படுகின்றன. இதயம் ஒரு நிமிடத்தில் அதிகப்படியாக எத்தனை முறை துடிக்க முடியும் என்பதை அறிய ஒரு தோராயக் கணக்கு உண்டு. 220 என்னும் எண்ணிலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். இதன்படி 20 வயது இளைஞரின் இதயம் 200 முறை வரை துடிக்கலாம். 62 வயதுடையவரின் இதயம் 158 முறை வரைதான் துடிக்கலாம். தசைகளுக்குச் செல்லும் உயிர்வாயுவின் அளவும் அதற்கேற்பக் குறைகிறது. தசைகள் மெலிகின்றன; மூட்டுகளின் நெகிழ்வு குறைகிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இம்மாற்றங்கள் மெதுவாகவே ஏற்படுகின்றன. எனினும், அவற்றை முற்றாகத் தடுக்க இயலாது.

எனவே, மூத்த ஓட்டக்காரரின் ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முதலில் அவர் மருத்துவரைச் சந்தித்து இதயம், இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரையின் அளவு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்கிறார். பிறகு, வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் மெதுவோட்டம் ஓடுகிறார். கடினமான பயிற்சிக்குப்பின் இளைஞரின் தசைகள் விரைவில் தேறிவிடும். முதியவரின் தசைகளுக்குக் கூடுதல் நாள்கள் தேவைப்படும். ஆகையால், ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியாகிறது. போட்டிக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது ஓடும் தூரத்தை அவர் படிப்படியாகக் குறைக்கிறார். கடைசி நேரத்தில் அதிகம் ஓடினால் வலிமை கூடாது, களைப்புதான் கூடும்.

போட்டிக்கு முன்னர் ஏற்பாட்டாளர்களிடமிருந்து போட்டி எண், சட்டை, நேரத்தைக் கணக்கிடும் சிறிய மின்னணுச் சில்லு ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் விரிக்கப்பட்டுள்ள பாய்களை ஓட்டக்காரர் கடக்கும்போது அந்தச் சில்லு நேரத்தைப் பதிவு செய்கிறது. அதனால், கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் அவர் உண்மையாக ஓடிய நேரம் தனியே கிடைக்கிறது. இடிபடாமல் புறப்பட விரும்பும் மூத்தவர்கள் பலர் பின்வரிசையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சனிக்கிழமை அன்று புதிதாக எதையும் முயலக்கூடாது என்பது அனுபவம் மிக்க ஓட்டக்காரர்களின் விதி. புதுக் காலணியை அணிந்தால் பாதத்தில் கொப்புளம் வரலாம். காரமான, எண்ணெய் மிகுந்த உணவு வயிற்றைக் கெடுக்கலாம். சோறு, இட்லி, ரொட்டி போன்ற மாவுச்சத்துள்ள எளிய உணவே ஏற்றது. ஓட்டம் நள்ளிரவு கடந்து, விடியலுக்கு வெகுநேரம் முன்பே தொடங்குகிறது. எனவே, மாலையிலேயே படுத்துச் சில மணி நேரமாவது உறங்க அவர் முயல்கிறார். பதற்றத்தால் உறக்கம் வராவிட்டாலும், கண்களை மூடிப் படுத்திருப்பது கால்களுக்கு ஓய்வாகும்.

இருளில் ஓடுவதற்குக் காரணம் நம் நாட்டின் வெப்பமே. வியர்வை காற்றில் ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. அது உடலில் வழிந்தோடுகிறதே தவிர, சூட்டைத் தணிப்பதில்லை. வெயிலும் சேர்ந்தால் உடலின் வெப்பம் ஆபத்தான நிலைக்கு உயரலாம். ஆதலால், சூரியன் மேலே ஏறுமுன் பெரும்பகுதித் தூரத்தைக் கடந்துவிடுவது நல்லது.

முழு நெட்டோட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டரை 8 நிமிடத்தில் ஓடும் ஒருவர் அதனை ஏறத்தாழ 5 மணி 38 நிமிடத்தில் முடிப்பார். தொடக்கத்தில் கூட்டத்தின் ஆரவாரமும் கடற்காற்றும் அவரை வேகமாக ஓடத் தூண்டும். முதல் 10 கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்னும் வேகத்தில் ஓடினால் 10 நிமிடம் மிச்சமாகும். ஆனால், அதனால் களைத்துப்போய், கடைசி 10 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என நடந்து கடக்க நேர்ந்தால் 40 நிமிடம் இழப்பாகும். அதனால்தான் அனுபவசாலி தம்மை முந்திச் செல்பவர்களைக் கண்டு வேகத்தைக் கூட்டுவதில்லை.

நீர் அருந்துவதிலும் அளவு வேண்டும். முதுமையில் தாக உணர்வு மங்கிவிடும். உடலில் நீர் குறைந்த பிறகும் தாகம் தெரியாமல் போகலாம். ஆகவே, அவர் தாகத்தை மட்டும் நம்பியிராமல், பயிற்சியின்போது பழகிய அளவில், தொண்டூழியர்கள் தரும் நீரைச் சிறிது சிறிதாகப் பருகுகிறார். மாறாக, அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து குமட்டலும் மயக்கமும் ஏற்படும். எனவே, உப்புச்சத்துள்ள பானத்தையும் அவர் இடையிடையே அருந்துகிறார்.

பலருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. தசைகளில் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்து அப்போது தீர்ந்துபோகும் நிலையை அடைகிறது. கால்கள் கனக்கின்றன, மனமும் தளர்கிறது. இங்குதான் மூத்த ஓட்டக்காரர் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். களைப்பு வேறு, ஆபத்து வேறு. தொடை வலித்தால் வேகத்தைக் குறைத்துச் சற்று நடக்கலாம். நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ, குழப்பம் ஏற்பட்டாலோ உடனே நின்று மருத்துவ உதவியை நாட வேண்டும். பல மாதப் பயிற்சி வீணாகிவிடுமே என்று எண்ணித் தொடர்ந்து ஓடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பாதியில் நின்றவருக்கு அடுத்த போட்டி உண்டு. விழுந்துவிட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லாமலும் போகலாம்.

இந்தத் தெளிவுடன் நெடுங்காலம் ஓடியவர் எட் விட்லாக். இங்கிலாந்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்து, பின்னர் கனடாவில் வாழ்ந்த பொறியியலாளர் இவர். தம் வீட்டின் அருகிலிருந்த இடுகாட்டின் பாதைகளில் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றி ஓடுவதே இவருடைய பயிற்சி. முழங்கால் நோவு வந்தபோது ஓட்டத்தை நிறுத்திப் பொறுமையுடன் காத்திருந்தார். 2003-ஆம் ஆண்டில், தம் 72-ஆவது வயதில் 3 மணி நேரத்திற்குள் நெட்டோட்டத்தை முடித்தார். எழுபது வயதைக் கடந்தவர்களுள் இதைச் சாதித்த முதல் மனிதர் இவரே. மறு ஆண்டு 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். 2016-ஆம் ஆண்டில், 85 வயதில், டொராண்டோ நகரில் 4 மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். எல்லாரும் விட்லாக் ஆகிவிட முடியாது. ஆனால், அவருடைய பொறுமையை எவரும் பின்பற்றலாம்.

முடிவுக் கோட்டைக் கடந்ததும் மூத்த ஓட்டக்காரர் சட்டென்று உட்கார்ந்துவிடுவதில்லை. திடீரென நின்றால் இரத்தம் கால்களிலேயே தங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால், சிறிது தூரம் மெல்ல நடக்கிறார். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, நீரும் வாழைப்பழமும் உண்டு, குடும்பத்தாருக்குக் கைபேசியில் செய்தி சொல்கிறார். திங்கட்கிழமை காலையில் படியிறங்கக் கைப்பிடியைப் பற்ற வேண்டியிருக்கும். அடுத்த சில நாள்களுக்கு அவர் ஓடுவதில்லை. நடக்கிறார், உறங்குகிறார், சத்துணவு உண்கிறார். வலி நீங்கிய பிறகே காலணியை மீண்டும் கையில் எடுக்கிறார்.

வயதைக் காரணம் காட்டி ஒதுங்கிவிடுவது எளிது. வயதையே மறந்து ஓடுவதோ ஆபத்து. தம் வயதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுப்பவரே நெடுங்காலம் ஓடுகிறார். இந்தப் பாடம் முதியவர்களுக்கு மட்டும் உரியதன்று. நீண்ட முயற்சி ஒன்றைத் தொடங்கும் மாணவர்களுக்கும் உரியது.