சைக்கிள் பந்தயமும் கணக்குப் பாடமும்

"இந்தக் கணக்கைப் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு மாணவன் கேட்டால் அது குறும்பு அன்று, நியாயமான கேள்வி. ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது. இதில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி? விடையை அறியும் ஆவல் எழாத இடத்தில் கணக்கு வெறும் சுமையாகிவிடும். "கணக்கு எனக்கு வராது" என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மேற்படிப்பின் பல வாசல்கள் அடைபடுகின்றன.

நம் சங்க அன்பர்கள் பலரைப் போல நானும் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அந்த ஆவலை எழுப்ப எனக்குக் கைகொடுப்பது சைக்கிள் பந்தயம்.

பிரான்ஸ் நாட்டின் 'டூர் டி பிரான்ஸ்' மூன்று வாரம் நடக்கும் பந்தயம். எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். ஆக, பந்தயத்தின் அடிப்படையே கூட்டல் கணக்குத்தான்!

1989 ஜூலை 23, கடைசி நாள். வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர். ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்ட வேண்டும். பிரெஞ்சு வீரர் லொரான் ஃபின்யோன் மொத்த நேரத்தில் 50 வினாடி முந்தியிருந்தார். அடுத்த இடத்தில் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட். இங்கே கதையை நிறுத்திவிடுவேன். "50 வினாடியை எட்டிப் பிடிக்க, கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி மிச்சப்படுத்த வேண்டும்?" வகுத்தால் இரண்டு வினாடிக்குச் சற்று மேல். முடியுமா, முடியாதா? வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

லெமாண்ட் எடுத்துக்கொண்டது 26 நிமிஷம் 57 வினாடி. ஃபின்யோன் 27 நிமிஷம் 55 வினாடி. வித்தியாசம் 58. அதில் 50 போக மீதி 8. மூன்று வாரப் பந்தயம் எட்டே வினாடியில் தீர்ந்தது! லெமாண்டின் வேகம் என்ன? 24.5 கிலோமீட்டரை 1,617 வினாடியால் வகுத்து 3,600ஆல் பெருக்கினால், மணிக்கு ஏறக்குறைய 54.5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 8 வினாடி என்பது சுமார் 121 மீட்டர் தூரம்.

மேல் வகுப்பாருக்கு இன்னும் விருந்து உண்டு. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மூன்றாம் அடுக்கை ஒட்டிக் கூடுகிறது. லெமாண்டின் வேகம் அன்று நூற்றுக்கு 3.6 பங்கு அதிகம். 1.036ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், 1.11 வரும். இருவர் மீதும் காற்று ஒரே அளவில் மோதியிருந்தால், அவர் நூற்றுக்கு 11 பங்கு கூடுதல் திறன் காட்டியிருக்க வேண்டும். அவரோ முன்னால் நீண்ட கைப்பிடியைப் பிடித்து, உடலைக் குறுக்கி, காற்று மோதும் பரப்பையே குறைத்துக்கொண்டார்.

சராசரியைக் கற்பிக்க மலையேற்றம் போதும். 10 கிலோமீட்டர் ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர். அதே தூர இறக்கத்தில் 60. சராசரி என்ன? பிள்ளைகள் ஒருமுகமாக "நாற்பது" என்பார்கள். நேரத்தைக் கூட்டட்டும்: 30 நிமிஷமும் 10 நிமிஷமும் சேர்ந்து 40 நிமிஷம். 20 கிலோமீட்டருக்கு 40 நிமிஷம் என்றால் மணிக்கு முப்பதுதான்! ஏற்றத்தில் அதிக நேரம் கழிகிறது. அதனால்தான் பந்தயங்களின் முடிவைப் பெரும்பாலும் மலைகள் தீர்மானிக்கின்றன.

விகிதத்திற்குப் பிள்ளைகளின் சொந்தச் சைக்கிளே போதும். முன் சக்கரப் பற்களையும் பின் சக்கரப் பற்களையும் எண்ணி வகுக்கட்டும்; பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் எத்தனை சுற்று என்பது தெரிந்துவிடும். 1972இல் மெக்ஸிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்த எடி மெர்க்ஸின் வண்டியில் முன்னே 52 பல், பின்னே 14. தம் வண்டியோடு அதை ஒப்பிடாத பிள்ளை இராது.

சொல்லித் தரும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: கதையை முழுதும் சொல்லிவிட்டுக் கணக்கைக் கொடுக்காதீர்கள். முடிவு தெரியாத இடத்தில் நிறுத்துங்கள். கதையின் மிச்சத்தைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.