குரல் பதிவும் மைக்கின் அளவும்



ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடமாக உள்ள முனாஜாத்து, பைத்து, தாலாட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து தருமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பல வீடுகளிலிருந்து பென் டிரைவ்கள் வந்துள்ளன. ஆனால் பலவற்றில் குரல் கரகரக்கிறது. ஒரு மூதாட்டி பாடிய முனாஜாத்தில், குரல் உயரும் இடமெல்லாம் உடைந்து கேட்கிறது. மறுபடி பாடச் சொல்ல வழியில்லை. அவர்கள் போன மாதம் வஃபாத்தாகிவிட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு மக்ஃபிரத் செய்வானாக. கோளாறு பாடியவரிடம் இல்லை, மைக்கின் அளவில்தான்.

கம்ப்யூட்டரில் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை 0 டெசிபல் என்பார்கள். மற்ற அளவெல்லாம் அதற்குக் கீழே மைனஸ் 6, மைனஸ் 12 என்று இறங்கும். குரல் 0-ஐ மீறினால் மீறிய பகுதி வெட்டுப்பட்டுவிடும். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோலத்தான். வழிந்ததை எந்த மென்பொருளும் அப்படியே மீட்டுத்தராது. குறைவாகப் பதிவானதையோ பிறகு உயர்த்திக்கொள்ளலாம். கூடவே மின்விசிறி இரைச்சலும் உயரும் என்பது உண்மை. இருந்தாலும் கூடுதலைவிடக் குறைவே மேல்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினால் மீட்டர் ஆடுவது தெரியும். முதலில் சோதனையாகப் பாட்டின் உரத்த இடத்தைப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, ஹலோ" என்று பேசவைத்து அளவு வைப்பதில் பயனில்லை. நன்னிமார்கள் வெட்கத்தோடு முதல் இரண்டு வரியை மெல்லத்தான் தொடங்குவார்கள். பிறகுதான் குரல் திறந்துகொள்ளும். பதிவு கெடுவதும் அங்கேதான். உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையே நிற்கட்டும். மீறினால் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட் என்று போய், இன்புட் பகுதியில் மைக்கின் வால்யூமைக் குறையுங்கள். பழைய லேப்டாப் பலவற்றில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும். அது 20, 30 டெசிபலில் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சுக்காற்று மோதாது. தூரம் பாதியானால் அளவு சுமார் 6 டெசிபல் கூடிவிடும். எனவே மைக்கைக் கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள்.

பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயரிலிருந்து பயானை நேரே லேப்டாப்பின் மைக் துளைக்குக் கொடுக்கும் பழக்கம் சில இளைஞர்களிடம் உள்ளது. ஆம்ப்ளிஃபயரின் 'லைன் அவுட்' மைக்கைவிடப் பல மடங்கு பலமானது. உள்ளே நுழையும்போதே ஒலி சிதைந்துவிடுவதால் வால்யூமைக் குறைத்தும் பயனிராது. 'லைன் இன்' துளை உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கருவி வழியாகக் கொடுக்க வேண்டும்.

ஜூமில் உஸ்தாதுக்கு ஓதிக்காட்டும் பிள்ளைகளின் விஷயம் வேறு. அங்கே அளவை ஜூம் தானாகவே ஏற்றி இறக்கும். நீண்ட மத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கியும் விடலாம். 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கிவிட்டு ஓதச் சொல்லுங்கள்.

பதிவுகளை வாவ் கோப்பாகவே சேமித்து, அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டார் சொல்லியனுப்பினால், நம் பிள்ளைகள் லேப்டாப்போடு வீட்டுக்கே வருவார்கள், இன்ஷா அல்லாஹ். எண்பது வயதைக் கடந்தவர்கள் உள்ள வீடுகளுக்கு முதலில் வருவார்கள்.