ஒரு பதின்ம வயதுக் காதல் கொலையில் முடிந்தது ஏன்? – தாய்வான் திரைப்படமொன்று காட்டும் குடும்பக் கதை

1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் திகதி இரவு, தாய்வானின் தலைநகர் தாய்பேயில், பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற குலிங் வீதியில் பாடசாலை மாணவன் ஒருவன் தனக்கு நெருக்கமாக இருந்த சிறுமியைக் கத்தியால் குத்திக் கொன்றான். நகரத்தை உலுக்கிய அந்தச் செய்தியைக் கேட்டவர்களில், அந்த மாணவன் படித்த அதே பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த எட்வேர்ட் யாங் என்ற சிறுவனும் ஒருவன்.

முப்பது வருடங்களுக்குப் பின்னர், 1991இல், திரைப்பட இயக்குநராகியிருந்த யாங் அந்தச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு படத்தை எடுத்தார். சீன மொழியில் அதன் பெயர் ‘குலிங் வீதிச் சிறுவன் கொலைச் சம்பவம்’ என்று பொருள்படும். உலகம் அதை ‘எ பிரைட்டர் சமர் டே’ என்ற பெயரில் அறிந்திருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் ஆங்கிலப் பாடலொன்றில், பிள்ளைகள் காதால் கேட்டுப் பிழையாக எழுதிக்கொள்ளும் ஒரு சொற்றொடர் அது.

ஏறத்தாழ நான்கு மணித்தியாலங்கள் ஓடும் இந்தப் படத்தில் கொலை கடைசியில்தான் நடக்கிறது. அதுவரைக்கும் நாம் பார்ப்பது ஒரு குடும்பத்தை, ஒரு பாடசாலையை, ஒரு காதலை. “யார் கொன்றான்?” என்ற கேள்விக்குப் படத்தின் தலைப்பிலேயே பதில் இருக்கிறது. கெட்டவன் அல்லாத ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பதையே யாங் விளக்க முயல்கிறார்.

தற்காலிகமாக வந்தவர்கள்

இந்தப் படத்தை விளங்கிக்கொள்ள அதன் பின்னணி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சீன உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தேசியவாதக் கட்சியான குவோமின்டாங் 1949இல் தாய்வான் தீவுக்குப் பின்வாங்கியது. இராணுவத்தினர், அரச ஊழியர்கள், ஆசிரியர்கள், அவர்களது குடும்பங்கள் எனப் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அக்காலத்தில் கடல் கடந்து வந்தார்கள். 1947இல் ஷங்காயில் பிறந்த யாங்கும் அப்படிக் கைக்குழந்தையாகத் தாய்பேக்குக் கொண்டுவரப்பட்டவர்தான்.

வந்தவர்களில் பலர் சில வருடங்களில் ஊர் திரும்பலாம் என்று நம்பினார்கள். அரசாங்கமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால், பத்து வருடங்கள் கடந்தும் பாதை திறக்கவில்லை. அதேவேளை, 1949 மே மாதம் பிரகடனப்படுத்தப்பட்ட இராணுவச் சட்டம் 1987 ஜூலை வரை, 38 வருடங்கள் நீடித்தது. கம்யூனிஸ்டுகளோடு தொடர்பு என்ற சந்தேகம் யார் மீதும் விழலாம் என்ற நிலை. தாய்வானில் அந்தக் காலத்தை ‘வெள்ளைப் பயங்கரம்’ என்று அழைக்கிறார்கள்.

படத்தின் தொடக்கத்தில் வரும் குறிப்பு இதைத்தான் சொல்கிறது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாத பெற்றோரின் பதற்றத்துக்குள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தங்களுக்கென்று ஓர் அடையாளத்தையும் பாதுகாப்பையும் தேடி அவர்களில் பலர் வீதிக் குழுக்களில் சேர்ந்தார்கள்.

ஒரு வீடு, ஐந்து பிள்ளைகள்

கதாநாயகனை எல்லோரும் ‘சியாவ் ஸ்ஸ’ என்று கூப்பிடுகிறார்கள். ‘சின்ன நான்காமவன்’ என்பது அதன் பொருள். ஐந்து பிள்ளைகளில் அவன் நான்காவது. அப்பா அரச ஊழியர், அம்மா ஆசிரியை. மூத்த அக்கா அமெரிக்கா போகும் கனவில் இருக்கிறாள். இன்னொரு அக்கா தேவாலயத்தில் ஆறுதல் தேடுகிறாள். அண்ணன் பில்லியர்ட்ஸ் விளையாட்டில் பந்தயம் கட்டுகிறான்.

அவர்கள் குடியிருப்பது ஜப்பானியர் விட்டுச்சென்ற மரவீடு. 1895 முதல் 1945 வரை தாய்வானை ஆண்டது ஜப்பான். ஜப்பானியரோடு எட்டு வருடங்கள் யுத்தம் செய்துவிட்டு இப்போது அவர்களது வீட்டில் குடியிருந்து அவர்களது பாட்டைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று அம்மா ஒருமுறை சலித்துக்கொள்கிறார். அந்த வீடுகளின் கூரைகளுக்குள்ளே பிள்ளைகள் ஜப்பானிய வாள்களையும் குறுங்கத்தியையும் கண்டெடுக்கிறார்கள். பெரியவர்களின் யுத்தம் ஒளித்துவைத்துவிட்டுப் போன ஆயுதம் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. படத்தின் முடிவில் பாயும் கத்தியும் அப்படி வந்ததுதான்.

சியாவ் ஸ்ஸ பகல்நேரப் பாடசாலைக்கான பரீட்சையில் தவறி, இரவு நேர வகுப்பில் சேர்க்கப்படுகிறான். இருட்டு அவனது அன்றாடமாகிறது. பாடசாலைக்கு அருகில் உள்ள படப்பிடிப்புத் தளத்திலிருந்து திருடிய ஒரு ரோச் லைற்றை எங்கும் கொண்டு திரிகிறான். படம் முழுவதும் அந்த வெளிச்சம் சிறிய வட்டமாகவே விழுகிறது. ஒரு முகம், ஒரு மூலை, ஒரு சுவர் தெரியும், முழுவதும் தெரியாது. தங்களைச் சுற்றி நடப்பதைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

அப்பா திரும்பி வந்த பின்னர்

படத்தின் மையம் காதல் என்று பலர் சொல்வார்கள். என்னைப் பொறுத்தவரை அது அப்பாவிடம்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் அவர் நிமிர்ந்து நிற்கும் மனிதர். மகனுக்குப் பாடசாலையில் அநியாயம் நடந்தபோது அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று நேருக்குநேர் வாதாடுகிறார். பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மகனோடு வீடு திரும்பும்போது, ஒருவன் தன் எதிர்காலத்தைத் தன் முயற்சியால் தீர்மானிக்க முடியும் என்று நம்ப வேண்டும் எனச் சொல்கிறார். மகன் அதை அப்படியே நம்புகிறான்.

பின்னர் ஒருநாள் அவர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார். பழைய நண்பர்கள் யார், சீனாவில் இருப்பவர்களோடு என்ன தொடர்பு, யார் மூலம் யாரைத் தெரியும் என்று கேட்டுக் கேட்டு, வாக்குமூலத்தைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறார்கள். அவரை யாரும் பெரிதாக அடிப்பதாகப் படம் காட்டவில்லை. எழுதி முடித்ததை மறுபடி எழுதச் சொல்வதே போதுமாக இருக்கிறது. சில நாட்களில் வீட்டுக்கு விடுகிறார்கள். என்ன நடந்தது என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. வேலையிலும் முன்பிருந்த இடம் இல்லை.

இதற்குப் பின்னர் மகனுக்காக மீண்டும் பாடசாலை அலுவலகத்துக்குப் போகிறார். இம்முறை அவர் வாதாடவில்லை, மன்றாடுகிறார். அப்பா குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், அங்கிருந்த பேஸ்போல் மட்டையை எடுத்துத் தலைக்கு மேல் தொங்கிய மின்குமிழை அடித்து நொறுக்குகிறான். பாடசாலையிலிருந்து விலக்கப்படுகிறான். படத்தின் முதற்காட்சியே ஒரு மின்குமிழ் எரியத் தொடங்குவதுதான் என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

அம்மாவின் கைக்கடிகார விவகாரத்தில் அண்ணனை அப்பா கண்மண் தெரியாமல் அடிக்கும் காட்சியும் உண்டு. விசாரணை அறையில் வாய் திறக்க முடியாதிருந்த மனிதர் வீட்டுக்குள் கை ஓங்குகிறார். அரச பயங்கரம் என்பதை நாம் பெரும்பாலும் சிறைக்கூடங்களிலும் காணாமல்போனோர் பட்டியல்களிலும் தேடுகிறோம். விடுவிக்கப்பட்டு வீடு வந்து சேர்ந்த ஒருவரின் மௌனத்திலும் கோபத்திலும் அது தொடரும் என்பதை இவ்வளவு அமைதியாகக் காட்டிய படங்கள் குறைவு.

காதலா, காவலா?

சியாவ் ஸ்ஸ நேசிக்கும் பெண்ணின் பெயர் சியாவ் மிங். அவளுக்குத் தந்தை இல்லை. தாய்க்கு ஆஸ்துமா, வீட்டு வேலை செய்து பிழைக்கிறார். தாயும் மகளும் உறவினர் வீடு, முதலாளி வீடு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சியாவ் ஸ்ஸவின் குடும்பத்துக்குச் சொந்தமென்று ஒரு கூரையாவது இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை. உண்மையில் இந்தப் படத்தில் மிக அதிகமாக இடம்பெயர்ந்தவள் அவள்தான்.

அவளைக் காதலித்த ‘ஹனி’ என்ற இளைஞன் ஒரு வீதிக் குழுவின் தலைவன். அவளை முன்னிட்டு எழுந்த மோதலில் எதிர்க்குழு ஆள் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகியிருந்தவன், திரும்பி வந்ததும் கொல்லப்படுகிறான். அதற்குப் பழிவாங்கல் ஒரு சூறாவளி இரவில் வாள்களோடு நடக்கிறது. பெற்றோர் பார்த்த யுத்தத்தின் சிறு வடிவத்தைப் பிள்ளைகள் தங்கள் அளவில் மீண்டும் நடத்துகிறார்கள். வீதியில் இராணுவத் தாங்கிகள் வரிசையாகக் கடந்து போவதும் அங்கே அன்றாடக் காட்சிதான்.

ஹனி இல்லாமல்போன பின்னர் சியாவ் ஸ்ஸ அவளைத் தான் காப்பாற்றுவதாக முடிவுசெய்கிறான். பாடசாலை வாத்தியக் குழுவின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி, அவளோடு எப்போதும் இருப்பேன் என்று சொல்கிறான். இடையில் வாத்தியம் திடீரென நின்றுவிட, அவனது சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது. பதின்ம வயதுக் காதலின் கூச்சத்தையும் அழகையும் சொல்லும் காட்சி அது. ஆனால், அந்த வாக்குறுதிக்குள்ளேயே ஆபத்தும் இருக்கிறது. அவள் அவனிடம் காவல் கேட்கவில்லை.

தாயும் மகளும் இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் தங்கவேண்டி வருகிறது. அந்த வீட்டுப் பையன் மா, சியாவ் ஸ்ஸவின் நண்பன். அவனோடு சியாவ் மிங் நெருங்குகிறாள். அவளுக்கு அது தங்குமிடமும் தாயின் மருத்துவமும் சேர்ந்த விடயம். சியாவ் ஸ்ஸவுக்கு அது துரோகம். மாவைத் தேடிக் கத்தியோடு போனவன், குலிங் வீதியில் அவளைச் சந்திக்கிறான். தன்னால் மட்டுமே அவளை மாற்ற முடியும் என்கிறான். தானும் இந்த உலகத்தைப் போலத்தான், மாறமாட்டேன் என்ற கருத்தில் அவள் பதில் சொல்கிறாள். அவன் குத்துகிறான். பிறகு எழும்பச் சொல்லி அவளிடம் கெஞ்சுகிறான்.

இங்கேதான் யாங்கின் நேர்மை தெரிகிறது. சியாவ் ஸ்ஸவின் மீது நமக்கு இரக்கம் வருமாறு நான்கு மணித்தியாலங்கள் செலவிட்ட அவர், அந்த இரக்கத்தை மன்னிப்பாக மாற்ற இடம் கொடுக்கவில்லை. இதற்கு முன்னரே இன்னொரு பெண், மற்றவர்களை மாற்ற நினைப்பது அவனது சுயநலம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அவனால் வேறு மாதிரி நடந்திருக்கவும் முடியும். தன் குடும்பத்தை அவமதித்த கடைக்காரரை இருட்டில் கல்லோடு பின்தொடர்ந்த ஓர் இரவில், அந்த மனிதர் விழுந்துவிட, கல்லைப் போட்டுவிட்டு அவரைக் காப்பாற்றியவனும் இவன்தான். சூழ்நிலை அவனைத் தள்ளியது. கத்தியை எடுத்தது அவனது கை. இந்த இரண்டும் உண்மை என்பதைப் படம் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் நாம் பார்க்க வேண்டும்?

தாய்வானின் கதையை எமது கதையோடு அப்படியே பொருத்த முடியாது. அங்கு வந்து சேர்ந்தவர்கள் ஆட்சியிலிருந்த கட்சியின் பின்னால் வந்தவர்கள். அந்தத் தீவில் ஏற்கெனவே வாழ்ந்த மக்களுக்கு அவர்களது வருகையே ஒரு பெரும் துன்பத்தின் தொடக்கமாகவும் இருந்தது. எமது இடப்பெயர்வு வேறு, இழப்பு வேறு. ஆனாலும், விசாரணைக்குப் போய்த் திரும்பிய தகப்பன், அதைப் பற்றி எதுவும் பேசாத வீடு, காரணம் தெரியாமலே பயத்தைச் சுமக்கும் பிள்ளை என்ற மூன்றையும் எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று இளைஞர் வன்முறை என்றதும் ஒழுக்கக்கேடு, கைத்தொலைபேசி, சினிமா என்று காரணம் சொல்லிக் கடந்துவிடுகிறோம். யாங்கின் படம் வேறு திசையைக் காட்டுகிறது. பெரியவர்கள் சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகள் தாங்களாகவே இட்டுநிரப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் கிடைக்காத நீதியை வீதியில் தேடுகிறார்கள். அந்தத் தேடலின் விலையைப் பெரும்பாலும் அவர்களைவிடப் பலவீனமான ஒருவர், பல சமயம் ஒரு பெண்பிள்ளை, கொடுக்கவேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பது உண்மை. ஆனால், எதையுமே சொல்லாமல் விடுவது அவர்களைப் பாதுகாப்பதாகாது.

2007இல் காலமான எட்வேர்ட் யாங்கின் இந்தப் படம் நீண்டகாலம் நல்ல பிரதியில் கிடைக்காமலிருந்து, பின்னர் மீளுருவாக்கம் செய்யப்பட்டு 2016இல் இறுவட்டாகவும் வெளிவந்தது. கதாநாயகனாக நடித்த சாங் சென்னுக்கு இதுதான் முதற்படம். திரையில் அவனது அப்பாவாக வருபவர் அவரது சொந்தத் தந்தை. இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்த்தாலும் பிழையில்லை. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களோடு சேர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.

படம் ஒரு வானொலி அறிவிப்போடு முடிகிறது. பரீட்சையில் சித்தியடைந்து அனுமதி பெற்ற மாணவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கைக்கு சிறையிலிருக்கும் மகனின் பாடசாலைச் சீருடை வருகிறது. அதைப் பிடித்தபடி அவர் நிற்கிறார். பெயர்கள் தொடர்ந்து வாசிக்கப்படுகின்றன.