நீங்கள் அனுப்பாத அழைப்பு

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஒருவரின் ஜிமெயிலில் யார் யாருடைய முகவரியெல்லாம் இருக்கும் என்று சற்று யோசித்துப் பாருங்கள். நியூஜெர்ஸியில் இருக்கும் மகன், பெங்களூரு மகள், தில்லைநகர் டாக்டர், பி.எச்.இ.எல்.லில் கூடவே வேலை பார்த்த நாற்பது ஐம்பது பேர், பென்ஷன் விஷயமாக ஒருமுறை எழுதிய வங்கி அதிகாரி, சொத்து வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், இரண்டு வருடம் முன்பு காலமான சம்பந்தி. பேரன் சொன்னான் என்று அவர் ஏதோ ஒரு சமூக வலைதளத்தில் சேருகிறார். 'உங்கள் நண்பர்கள் இங்கே இருக்கிறார்களா என்று பார்க்கலாமா?' என்று தளம் கேட்கிறது. அவர் நீலப் பொத்தானை அழுத்துகிறார். மறுநாள் காலை எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் காலமான சம்பந்திக்கும் அவருடைய பெயரிலேயே அழைப்பு போயிருக்கிறது.

அவரை விவரம் தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டரைத் தமிழில் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊர்தான் இது. கோளாறு அந்தப் பக்கத்தை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது. 'தொடர்க' என்பது வண்ணத்தில், பெரிதாக இருக்கும். 'வேண்டாம்' என்பது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக இருக்கும். அழுத்தியவுடன் முகவரிப் பட்டியல் முழுதும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடுகிறது. அடுத்த திரையில் எல்லாப் பெயருக்கும் முன்கூட்டியே டிக் விழுந்திருக்கும். முந்நூறு டிக்கை ஒவ்வொன்றாக எடுக்க யாருக்குப் பொறுமை? போதாக்குறைக்கு, அந்தப் பட்டியலே நாமாகச் சேர்த்ததில்லை. என்றோ ஒருமுறை கடிதம் போட்ட முகவரியைக்கூட ஜிமெயில் 'பிற தொடர்புகள்' என்ற பிரிவில் தானாகவே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

நிறுவனங்களுக்கு இதில் லாபம் வெளிப்படை. முன்பின் தெரியாத கம்பெனியின் விளம்பரக் கடிதத்தைப் பிரிக்காமலே அழித்துவிடுவோம். 'மாமா உங்களுக்குப் படம் அனுப்பியிருக்கிறார்' என்று வந்தால் அழிப்போமா? விளம்பரத்துக்குக் காசு செலவழிக்காமல் நம் உறவின் நம்பிக்கையைத் தபால்தலையாக ஒட்டி அனுப்புகிறார்கள்.

சரியாக இந்தத் தந்திரத்துக்காகத்தான் 2009-ல் 'டேக்டு' என்ற அமெரிக்கத் தளம் மாட்டிக்கொண்டது. இன்னார் உங்களுக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறார் என்று கடிதம் வரும். படத்தைப் பார்க்கப் போனால் உறுப்பினராகச் சொல்லும். சேர்ந்தால் உங்கள் பட்டியலில் இருப்பவர்களுக்கும் அதே கடிதம் போகும். படம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ க்யூமோ நடவடிக்கை எடுத்தார். நியூயார்க், டெக்சாஸ் இரண்டு மாநிலங்களுக்குமாகச் சேர்த்து ஏழரை லட்சம் டாலர் கட்டி அந்தத் தளம் சமரசத்துக்கு வந்தது.

லிங்க்ட்இன் வழக்கு இன்னும் நுட்பமானது. கலிபோர்னியாவில் 2013-ல் உறுப்பினர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி லூசி கோ 2014-ல் சொன்னது கவனிக்க வேண்டிய விஷயம்: முதல் அழைப்பை அனுப்ப உறுப்பினர் சம்மதித்தார் என்று வைத்துக்கொள்ளலாம், பதில் வராதபோது நிறுவனம் அவர் பெயரில் மேலும் இரண்டு நினைவூட்டல் அனுப்பியதே, அதற்கு யார் சம்மதித்தது? ஒருமுறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுபவரை, மறுபடி மறுபடி நச்சரிப்பவராக ஊருக்குக் காட்டியதால் அவருக்கு ஏற்பட்ட பெயர்க்கேடு வழக்கின் மையமானது. 2015-ல் 1.3 கோடி டாலர் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு படி மேலே போனது. ஃபேஸ்புக்கில் இல்லாதவர்களுக்கு அதன் 'நண்பர்களைக் கண்டுபிடி' வசதி மூலம் போன அழைப்புகள், சம்மதமில்லாத விளம்பரத் தொல்லை என்றே தீர்ப்பளித்தது. அனுப்பியதாகப் பெயர் போட்டிருப்பவர் யாராக இருந்தாலும் சரி, விளம்பரம் விளம்பரம்தான். என் பார்வையில், இந்த விஷயத்தில் இதுவரை வந்தவற்றில் தெளிவான தீர்ப்பு அதுதான். ஏனென்றால் பொத்தானை அழுத்தியவரைத் தாண்டி, கடிதம் பெற்றவரின் பக்கம் நின்று அது யோசித்தது.

அதற்குப் பிறகும் பழக்கம் நிற்கவில்லை. 2016 மே மாதத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த சுமார் 15 லட்சம் பேரின் மின்னஞ்சல் தொடர்புகளை அனுமதி கேட்காமலே எடுத்துவிட்டதாக 2019-ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. 'தெரியாமல்' நடந்துவிட்டதாம்.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது? முதலில் கசப்பான உண்மை: எஸ்.எம்.எஸ்., ஃபோன் அழைப்புத் தொல்லைக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளும் 1909 என்ற எண்ணும் இருக்கின்றன. மின்னஞ்சல் தொல்லைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்கா 2003-லேயே ஒன்று கொண்டுவந்துவிட்டது. நம்முடைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில், எரிச்சலூட்டவோ அனுப்பியவர் யார் என்று ஏமாற்றவோ மின்னஞ்சல் அனுப்புவது குற்றம் என்று ஓர் உட்பிரிவு இருந்தது. பேச்சுரிமையை நசுக்குகிறது என்று 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஃபேஸ்புக் பதிவுக்காக ஆட்களைக் கைது செய்யப் பயன்பட்ட பிரிவு அது, போனது நல்லதுதான். ஆனால் அதோடு இந்த உட்பிரிவும் போனது, அந்த இடத்தில் வேறொன்று வரவில்லை.

எஞ்சியிருப்பதில் முக்கியமானது 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்றால் சுதந்திரமாக, விவரம் தெரிந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டும், தெளிவான செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது அதன் ஆறாவது பிரிவு. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் உதாரணம் நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும்: டாக்டரோடு பேச ஒரு ஆப்பை இறக்குகிறீர்கள், அது உங்கள் ஃபோனின் தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது, நீங்கள் 'சரி' என்று கொடுத்தேவிட்டீர்கள். அப்போதும் மருத்துவ ஆலோசனைக்குத் தேவையான அளவுக்குத்தான் சம்மதம் செல்லும். பட்டியல் அந்தச் சேவைக்குத் தேவையில்லை, ஆகவே அதற்கான சம்மதம் சம்மதமே ஆகாது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறும் உரிமையும், கொடுத்த அளவுக்கே எளிதாகச் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும், தரவை அழிக்கச் சொல்லும் உரிமையும் இதில் உண்டு.

இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அவற்றின்படி நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். இன்னொன்று, இந்தச் சட்டப்படி விதிக்கும் அபராதம் எத்தனை கோடியானாலும் அரசு கஜானாவுக்குத்தான் போகும்; பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு ரூபாய் வராது.

நஷ்டஈடு வேண்டுமென்றால் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். அனுமதியில்லாமல் உங்கள் கணக்கில் நுழைந்து தரவை எடுத்தால் 43-வது பிரிவு. உங்கள் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி, மூன்று ஆண்டு வரை சிறை. நஷ்டஈட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே நடுவர். ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். இந்த வழி காகிதத்தில் மட்டும் இருப்பதன்று. அபுதாபியில் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் வங்கியிலிருந்து வந்ததுபோன்ற போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்து இந்த நடுவரிடம் வந்தார். 2010 ஏப்ரலில் ஐசிஐசிஐ வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தமிழகத்தின் நடுவர் உத்தரவிட்டார்.

நுகர்வோர் சட்டத்திலும் ஒரு பிடி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் பதின்மூன்று வகை இணைய வடிவமைப்புத் தந்திரங்களுக்குத் தடை போட்டது. 'கட்டாயச் செயல்' என்ற வகையில், ஒரு சேவையைப் பெறத் தொடர்புகளின் விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. திருச்சியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் காசு கொடுக்காமல் பயன்படுத்தும் தளத்தில் நாம் 'நுகர்வோர்' ஆவோமா என்பது வாதத்துக்குரியது. சந்தா கட்டியிருந்தால் வழக்கு பலமாக நிற்கும்.

அழைப்புத் தொல்லைதானே, அழித்துவிட்டால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்புப் பட்டியல் யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்து அது ஆயுதமாகிவிடும். கொரோனா காலத்தில் ஃபோனில் கடன் கொடுத்த ஆப்கள் செய்தது இதைத்தான். கடன் வாங்கியவரின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் முதலாளிக்கும் அசிங்கமான செய்திகள் அனுப்பினார்கள். 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு இரண்டு சீனர்களையும் சேர்த்துச் சிலரைக் கைது செய்தது. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. இப்போது வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. தொட்டு இன்ஸ்டால் செய்தால் உங்கள் எஸ்.எம்.எஸ்.களைப் படித்து ஓ.டி.பி.யைத் திருடும், உங்கள் தொடர்புகளுக்கும் அதே பத்திரிகை போகலாம். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பத்திரிகை உலகத்தில் கிடையாது.

ஏற்கனவே பொத்தானை அழுத்திவிட்டீர்களா? அந்தத் தளத்தில் மின்னஞ்சல் பாஸ்வேர்டைத் தட்டியிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு கொடுக்காமல் கூகுள் வழியாக 'அனுமதி' கொடுத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றுவதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு ஆப்கள் என்ற பட்டியலைத் திறந்து, தெரியாதவற்றின் அனுமதியை நீக்குங்கள். பிறகு சமூக வலைதளத்துக்கே போய், ஏற்றிய தொடர்புகளை அழியுங்கள். லிங்க்ட்இன், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் அமைப்புகளுக்குள் இந்த வசதி ஒளிந்திருக்கிறது. லிங்க்ட்இன்னில் பதில் வராத அழைப்புகளைத் திரும்பப் பெறவும் முடியும். கோபத்தில் கணக்கை மூடுவதாக இருந்தால், தொடர்புகளை முதலில் அழித்துவிட்டு மூடுங்கள். ஜிமெயில் அமைப்புகளில் தொடர்புகளைத் தானாகச் சேமிப்பதையும் நிறுத்தி வைக்கலாம். ஃபோனில் எந்தெந்த ஆப்புக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி இருக்கிறது என்பதை ஒருமுறை பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் சித்தப்பா நம்பர் எதற்கு?

அழைப்பைப் பெற்றவர் அனுப்பியவர்மேல் கோபப்பட வேண்டாம். அவருக்கே தெரிந்திருக்காது, ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பெயர் தெரிந்த பெரிய நிறுவனத்தின் கடிதமென்றால் அடியில் உள்ள 'இனி அனுப்பாதே' இணைப்பை அழுத்தலாம். பெயர் தெரியாததென்றால் எந்த இணைப்பையும் தொடாமல் ஸ்பேம் என்று புகார் செய்யுங்கள். அந்த இணைப்பைத் தொட்டாலே, முகவரி உயிரோடு இருக்கிறது என்று அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் பெயரிலோ படத்திலோ போலிக் கணக்கு ஓடினால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 விதிகளின்படி அப்படி ஒருவரை வைத்திருப்பதும், அவர் பெயரைத் தளத்தில் வெளியிடுவதும் கட்டாயம். அவர் தீர்ப்பு திருப்தியில்லை என்றால் முப்பது நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். திருச்சி மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் குற்றக் காவல் நிலையங்கள் இருக்கின்றன; ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மாநகர நிலையத்துக்குப் போக வேண்டும். போகும்போது அந்த மின்னஞ்சலை அழிக்காமல் ஃபோனில் வைத்துக்கொண்டு போங்கள்.